கட்டளை வரியில் கணினியின் பெயரைப் பார்க்கவும் மாற்றவும்: மலைமேல் சிறு அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பசுந்தேயிலை வந்து இறங்கும் இடத்தில் எடை போட்டுச் சீட்டு அடிக்க ஒரு கணினி. கணக்கர் மேசையில் இன்னொன்று. மேலாளரிடம் ஒரு மடிக்கணினி. கோப்புகளைச் சேர்த்து வைக்க, மூலையில் ஒரு பழைய பெட்டியில் லினக்ஸ். நான்கையும் இணைக்கும் ரௌட்டருக்குள் போய்ப் பட்டியலைப் பார்த்தால், 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி, சிறுகோட்டுக்குப் பின் தாறுமாறான ஏழு எழுத்தும் எண்ணுமாக இரண்டு பெயர்கள். 'லேப்டாப்' என்று தொடங்குவது ஒன்று. 'உபுண்டு' என்று மொட்டையாக ஒன்று. சீட்டு அடிக்கிற கணினி இதில் எது? பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிரின்டர் நின்றுபோனால் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ ஆள் மலையேறி வர வேண்டும். அதற்கு முன் தொலைபேசியில் 'எந்தக் கணினி?' என்று கேட்டால் அதற்கே பதில் இல்லை.

பெயரை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். பழைய பெயரை மனப்பாடமாக வைத்திருக்கும் மற்றக் கணினிகளையும் பிரின்டர் இணைப்புகளையும் சரிசெய்வதில்தான் நேரம் போகும். ஆகவே கட்டளையை மட்டும் தெரிந்துகொண்டு உடனே அடித்துவிட வேண்டாம். 'மாற்றுவதற்கு முன்' என்ற பகுதியையும் படித்துவிடுங்கள்.

கட்டளைகளை வாசிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசியில் ஒருவர் சொல்ல மற்றவர் அடிப்பதைப் போல, இங்கே எல்லாக் கட்டளைகளும் காதில் விழுகிறபடி தமிழில் உள்ளன. நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். இடைவெளி, சிறுகோடு, சாய்கோடு எல்லாம் காட்டியபடியே இருக்க வேண்டும். 'டி' என்று எழுதினால் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கு அது பொருந்தும் என்பதால், குழப்பம் வரும் இடங்களில் 'டைகர் டி', 'டாக்டர் டி' என்று பிரித்துச் சொல்கிறோம். மாதிரிப் பெயராக மோயார் ஆற்றின் பெயரை எடுத்துக்கொள்கிறோம்: எம், ஓ, ஒய், ஏ, ஆர்.

இப்போது என்ன பெயர்?

விண்டோஸில், விண்டோஸ் விசையை அழுத்தி, சி, எம், டாக்டர் டி என்ற மூன்று எழுத்தை அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில்:

ஹோஸ்ட்நேம்

ஒரே சொல், நடுவில் இடைவெளி இல்லை. அடுத்த வரியில் கணினியின் பெயர் வந்துவிடும். லினக்ஸ், மேக் இரண்டிலும் இதே சொல்தான். வெறுமனே அடித்தால் எதையும் மாற்றாது, பயப்பட வேண்டாம்.

விண்டோஸில் இதையும் பாருங்கள்:

எக்கோ %கம்ப்யூட்டர்நேம்%

இது பெயரைப் பெரிய எழுத்தில், அதிகம் போனால் 15 எழுத்து வரை மட்டும் காட்டும். முன் கட்டளை காட்டிய பெயரும் இதுவும், எழுத்து சிறிது பெரிது என்பதைத் தவிர வேறு வகையில் வேறுபட்டால், பெயர் 15 எழுத்தைத் தாண்டி எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

முகவரியும் சேர்த்து வேண்டுமானால்:

ஐபிகான்ஃபிக் /ஆல்

மேலேயே ஹோஸ்ட் நேம் என்ற வரி இருக்கும். கீழே ஐபிவி4 என்ற வரியில் நான்கு எண் கொண்ட முகவரி. பெயர், முகவரி, கணினி எந்த அறையில் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு கணினிக்கும் இதைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லினக்ஸில் ஹோஸ்ட்நேம் கட்டளையை விடத் தெளிவாகக் காட்டுவது இது:

ஹோஸ்ட்நேம்சிடிஎல்

ஹோஸ்ட்நேம் என்பதோடு சி, டைகர் டி, எல் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். இதில் ஸ்டாட்டிக் ஹோஸ்ட்நேம் என்பது /இடிசி/ஹோஸ்ட்நேம் என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கும் நிலையான பெயர். டிரான்சியன்ட் என்று தனியாக ஒரு வரி தெரிந்தால், இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கும் பெயர் வேறு. அது ரௌட்டர் கொடுத்ததாகவோ யாரோ தற்காலிகமாக மாற்றியதாகவோ இருக்கலாம். பிரெட்டி என்பது மனிதர் வாசிக்க வைத்துக்கொள்ளும் அலங்காரப் பெயர். இடிசி என்பது எட்செட்ராவைச் சுருக்கி எழுதும் அதே மூன்று எழுத்து.

எந்தப் பெயர் வைப்பது?

விதிகள் சில, மீறக்கூடாதவை. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, இவ்வளவுதான் அனுமதி. இடைவெளி, அடிக்கோடு, புள்ளி வேண்டாம். சிறுகோட்டில் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. எண்ணில் தொடங்கலாம்; 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1123 என்ற இணைய விதி ஆவணம் அதை அனுமதித்தது. ஆனால் முழுக்க எண்ணாலேயே ஆன பெயரை விண்டோஸ் ஏற்காது. இணையப் பெயர் முறையில் ஒரு பெயர்த் துண்டு 63 எழுத்து வரை போகலாம், லினக்ஸ் 64 வரை ஏற்கும். ஆனால் விண்டோஸ் ஒன்று உங்கள் வலையில் இருந்தால் அந்தக் கணக்கை மறந்துவிட்டு 15-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினிகள் வலையில் ஒன்றையொன்று பெயரால் தேடும் பழைய முறையான நெட்பயாஸில் பெயருக்கு 16 இடம். கடைசி இடம் அது எந்த வகைச் சேவை என்பதைக் குறிக்கப் போய்விடுகிறது, மிஞ்சுவது 15.

இந்த 15 நம் ஊரில் எப்படி உதைக்கும் என்று பாருங்கள். உதகமண்டலத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 14 எழுத்து. இரண்டு கணினிக்கு ஊர்ப் பெயருடன் சிறுகோடு 1, சிறுகோடு 2 என்று வைத்தால் 16 ஆகிவிடும். வெட்டியபின் இரண்டுக்கும் மிஞ்சுவது ஊர்ப் பெயரும் சிறுகோடும் மட்டுமே. அதாவது இரண்டுக்கும் ஒரே பெயர்! அப்புறம் ஒரே வலையில் ஒரே பெயர் இருமுறை இருக்கிறது என்று எச்சரிக்கை வரும், ஒரு கணினியின் பகிர்வு ஒரு நாள் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. இம்மாதிரிக் கோளாறைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் ஹோஸ்ட்நேம் கட்டளை இரண்டிலும் வேறு வேறு முழுப்பெயரையே காட்டும்.

எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். கோத்தகிரியை ஆங்கிலத்தில் ஹெச் போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். கூடலூரையும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. தொட்டபெட்டாவை டாக்டர் டியில் தொடங்குவதா டைகர் டியில் தொடங்குவதா என்று ஆளுக்கு ஒரு பழக்கம். கணினிக்கு ஒரு எழுத்து மாறினாலும் வேறு ஆள்தான். ஆகவே எழுத்துக்கூட்டலில் இரண்டு வழக்கு இருக்கும் பெயரைத் தவிருங்கள். தொலைபேசியில் சொல்லும்போது டி-டி, பி-பி, எம்-என் குழம்பும். அவை குறைவாக உள்ள பெயர் நல்லது.

இடத்தின் பெயரா, வேலையின் பெயரா, ஆற்றின் பெயரா என்பது அவரவர் விருப்பம் என்றாலும், எங்கள் கருத்து இது: மேசையை விட்டு நகராத கணினிக்கு வேலையின் பெயர் வையுங்கள். எடை, கணக்கு, கிடங்கு போன்ற சொற்களை நான்கைந்து ஆங்கில எழுத்தில் சுருக்கி, பின்னால் ஒரு எண். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் புரியும். ஆனால் மேலாளரின் மடிக்கணினி நாளை வேறொருவர் கைக்குப் போகும். அதற்குப் பொறுப்பின் பெயரோ ஆளின் பெயரோ வைத்தால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு மோயார், சிகூர், பைக்காரா என்று ஆற்றுப் பெயர் பொருத்தம்.

ஆளின் பெயர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினி ஒரு வைஃபையில் சேரும்போது முகவரி கேட்கையில் தன் பெயரையும் பொதுவாகச் சொல்லிவிடும். ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியின் வைஃபையில் சேர்ந்தால், அங்கே ரௌட்டரைப் பார்ப்பவர் கண்ணில் உங்கள் பெயரும் படும். ஊழியர் பெயரோ கைபேசி எண்ணோ அதில் இருக்க வேண்டியதில்லை.

மாற்றுவதற்கு முன்

இந்தக் கணினியின் பெயரை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். விண்டோஸ் கணினியில், கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

நெட் ஷேர்

இது இந்தக் கணினி பகிரும் கோப்புறைகளையும் பிரின்டர்களையும் பட்டியலிடும். டாலர் குறியில் முடிபவை விண்டோஸ் தானே வைத்திருப்பவை, விட்டுவிடலாம். அடுத்து:

நெட் செஷன்

இப்போது யார் உள்ளே இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும். சீட்டு அடிக்கும் கணினியைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். வேலை நேரத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பிறகு மற்ற ஒவ்வொரு கணினிக்கும் போய்:

நெட் யூஸ்

அந்தக் கணினி எந்த எழுத்தில் எந்தப் பகிர்வை மாட்டியிருக்கிறது என்று தெரியும். இசட் என்ற டிரைவுக்கு எதிரே இரண்டு பின்சாய்கோடும் பழைய பெயரும் இருந்தால் அதைத் தாளில் குறியுங்கள். பிரின்டர்களுக்கு, விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில்:

கெட்-பிரின்டர்

பழைய பெயரோடு தொடங்கும் பிரின்டர் ஒவ்வொன்றும் பெயர் மாறியதும் நின்றுபோகும். கணக்கு மென்பொருள் எதுவும் தரவுக் கோப்புறையைப் பழைய பெயரால் தேடுகிறதா என்பதை அதன் அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். இதை விட்டுவிட்டால் மறுநாள் காலை கணக்கர் முன் வெற்றுப் பட்டியல் வந்து நிற்கும். தரவு எங்கும் போயிருக்காது. வழி தப்பியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கணினி பெரிய நிறுவனத்தின் டொமைனில் சேர்ந்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே பெயர் என்பது மைய சர்வரிலும் பதிவானது. அதற்கான உரிமை உள்ளவர்தான் மாற்ற வேண்டும்.

எப்போது செய்வது? இலை வரத்து முடிந்து, சீட்டெல்லாம் அடித்த பிறகு. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் கம்பியில் மரம் விழுந்து மின்சாரம் போவது புதிதல்ல. யூபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

விண்டோஸில் மாற்றுவது

விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டெர்மினல் அட்மின் அல்லது பவர்ஷெல் அட்மின் என்று இருக்கும். அதைத் தேர்ந்து, அனுமதி கேட்டால் எஸ் கொடுங்கள். அட்மின் இல்லாமல் திறந்தால் 'ஆக்சஸ் இஸ் டினைடு' என்ற சிவப்பு வரிதான் மிஞ்சும். பிறகு:

ரீநேம்-கம்ப்யூட்டர் -நியூநேம் மோயார்

சிறுகோடு முன்னால் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள்: நியூநேம் ஒரே சொல், அதன் முன்னே சிறுகோடு, பின்னே இடைவெளி. மஞ்சளில் ஒரு எச்சரிக்கை வரும். கணினியை மறுபடி தொடங்கிய பிறகே மாற்றம் நடப்புக்கு வரும் என்று அது சொல்கிறது. பிழை அல்ல. பெயர் 15-ஐத் தாண்டினால் வெட்டிச் சுருக்கட்டுமா என்று கேட்கும். அங்கே ஒப்புக்கொள்ளாமல் வெளியே வந்து சின்னப் பெயராகத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் ஹோஸ்ட்நேம் அடித்துப் பார்த்து, பழைய பெயரே வருவதால் மாறவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். விண்டோஸ் இரண்டு பெயரை வைத்திருக்கிறது: இப்போது நடப்பில் உள்ளது, அடுத்த தொடக்கத்தில் வரவிருப்பது. நீங்கள் மாற்றியது இரண்டாவதை. திறந்த கோப்புகளையெல்லாம் சேமித்துவிட்டு:

ஷட்டவுன் /ஆர் /டி 0

ஆர் என்றால் மறுதொடக்கம், டைகர் டிக்குப் பின்னால் உள்ள 0 காத்திருக்கும் வினாடி. பட்டியலில் போய் ஷட் டவுன் கொடுத்து, பிறகு பொத்தானை அழுத்தி எழுப்பினால் போதாதா? பல கணினிகளில் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட் டவுன் முழுமையாக அணைக்காது. விண்டோஸின் உள்பகுதியை வட்டில் எழுதி வைத்துத் தூங்கவிட்டு, மறுபடி அப்படியே எழுப்பும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

ஹோஸ்ட்நேம் கட்டளைக்குப் பின்னால் புதுப் பெயரைச் சேர்த்து அடித்தால் விண்டோஸ் ஏற்காது, கன்ட்ரோல் பேனலுக்குப் போகச் சொல்லும். பழைய குறிப்புகளில் டபிள்யூஎம்ஐசி என்ற கட்டளையைக் காட்டியிருப்பார்கள். புதிய விண்டோஸ் 11-இல் அது தானாக இருப்பதில்லை; பவர்ஷெல் வழியே போதும்.

லினக்ஸில் மாற்றுவது

உபுண்டு, டெபியன், ராஸ்பெரி பை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததே, ஆகவே அதற்கும்.

கட்டளைக்கு முன் ஒரு கோப்பைத் திருத்துங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம்.

சுடோ நானோ /இடிசி/ஹோஸ்ட்ஸ்

சுடோ என்பது எஸ், யூ, டாக்டர் டி, ஓ; கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல் அது. நானோ என்பது கோப்பைத் திருத்தும் கருவி. கோப்பில் 127.0.0.1 என்று தொடங்கி லோக்கல்ஹோஸ்ட் என்று முடியும் வரி இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். கீழே 127.0.1.1 என்று இன்னொரு வரி, அதன் எதிரே உங்கள் பழைய பெயர். எண்களில் நடுவே 1 இருப்பதைப் பாருங்கள், அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அந்த வரியில் பழைய பெயருக்கு முன்னால் புதுப் பெயரைச் சேருங்கள்:

127.0.1.1 மோயார் உபுண்டு

இப்போதைக்கு இரண்டு பெயரும் இருக்கட்டும். கன்ட்ரோல் விசையுடன் ஓ, பிறகு என்டர், பிறகு கன்ட்ரோலுடன் எக்ஸ். இனி பெயரை மாற்றலாம்:

சுடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் மோயார்

பதில் எதுவும் வராது. வராமல் இருப்பதே நல்ல செய்தி. ஹோஸ்ட்நேம் அடித்துப் பார்த்தால் புதுப் பெயர் உடனே தெரியும். விண்டோஸ் மாதிரி காத்திருக்க வேண்டாம். ஆனால் கட்டளை வரியின் தொடக்கத்தில் உங்கள் பயனர் பெயருக்குப் பின் பழைய பெயரே நிற்கும். அந்தச் சாளரம் திறந்தபோது படித்த பெயர் அது. மூடித் திறந்தால் மாறிவிடும். எல்லாம் சரியாக ஓடினால், ஹோஸ்ட்ஸ் கோப்புக்குத் திரும்பிப் போய்ப் பழைய பெயரை எடுத்துவிடுங்கள்.

கோப்பைத் திருத்தாமல் கட்டளையை மட்டும் அடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறை சுடோ போடும்போதும் 'அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட் மோயார்' என்று ஒரு வரி வரும். கணினி தன் சொந்தப் பெயருக்கு முகவரி தேடுகிறது, வீட்டுக்குள் கிடைக்காததால் வெளியே சர்வரிடம் கேட்கிறது. இணையம் நன்றாக இருந்தால் நொடியில் கைவிட்டுவிடும். மழையில் இணைப்பு அறுந்த நாளில் ஒவ்வொரு சுடோவும் பல வினாடி திகைத்து நிற்கும். கணினி கெட்டுவிட்டது என்றே தோன்றும். வேலை நின்றுவிடாது, பொறுமை போய்விடும். ஃபெடோரா போன்றவற்றில் சொந்தப் பெயரை உள்ளேயே கண்டுபிடிக்கும் ஏற்பாடு உண்டு, அங்கே இந்த வரி இல்லாவிட்டாலும் சரி.

சுடோ ஹோஸ்ட்நேம் மோயார் என்று மட்டும் அடித்தாலும் பெயர் மாறும். ஆனால் மின்சாரம் போய் வந்ததும் பழைய பெயர் திரும்பிவிடும், ஏனென்றால் /இடிசி/ஹோஸ்ட்நேம் கோப்பில் எதுவும் எழுதப்படவில்லை. பரிசோதனைக்கு மட்டும் அது நல்லது.

நிலையாக மாற்றியும் மறுதொடக்கத்தில் பழைய பெயர் திரும்பினால், உபுண்டு சர்வராக இருக்க வாய்ப்பு அதிகம். கிளவுட்-இனிட் என்ற சேவை தொடங்கும்போது பெயரைத் தானே வைத்துவிடும். /இடிசி/கிளவுட்/கிளவுட்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து, பிரிசர்வ்_ஹோஸ்ட்நேம் என்ற வரியில் ஃபால்ஸ் என்றிருப்பதை ட்ரூ என்று மாற்றுங்கள். ராஸ்பெரி பையில் கோப்பு, கட்டளை எதுவும் வேண்டாமென்றால் சுடோ ராஸ்பி-கான்ஃபிக் அடித்து, சிஸ்டம் ஆப்ஷன்ஸ் பட்டியலில் ஹோஸ்ட்நேம் தேர்ந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் அதுவே திருத்திக்கொள்ளும்.

தமிழில் பெயர் வைக்க ஆசையா? லினக்ஸில் அதற்கும் இடம் உண்டு:

சுடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் --பிரெட்டி "எடை அறை"

மேற்கோளுக்குள் இருப்பதை நிஜமாகவே தமிழ் எழுத்தில், இடைவெளியோடு அடிக்கலாம். இது அலங்காரப் பெயர். /இடிசி/மெஷின்-இன்ஃபோ கோப்பில் போய் உட்காரும். வலையில் மற்றவர்கள் தேடும் பெயர் மோயார்தான். நிலையான பெயரை வைத்த பிறகே இதை அடியுங்கள். வெறும் செட்-ஹோஸ்ட்நேம் அலங்காரப் பெயரை அழித்துவிடும்.

மேக்கில் மூன்று பெயர் தனித்தனியே இருக்கிறது. சுடோ எஸ்சியூட்டில் --செட் என்று தொடங்கி, கம்ப்யூட்டர்நேம், லோக்கல்ஹோஸ்ட்நேம், ஹோஸ்ட்நேம் என்ற மூன்றுக்கும் ஒவ்வொன்றாகப் புதுப் பெயரைக் கொடுங்கள். இந்த மூன்று சொல்லிலும் ஒவ்வொரு பகுதியும் பெரிய எழுத்தில் தொடங்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் திரையில் ஒரு பெயரும் டெர்மினலில் வேறொரு பெயரும் வரும்.

மாற்றிய பிறகு

மற்றொரு கணினியிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்:

பிங் மோயார்

முதல் வரியில் பெயருக்கு எதிரே முகவரி வந்துவிட்டால் பெயர் வேலை செய்கிறது. கீழே பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது என்று சொன்னாலும் கவலை இல்லை. விண்டோஸின் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கலாம். முகவரியே வரவில்லை என்றால் பெயருக்குப் பின் புள்ளி போட்டு லோக்கல் என்று சேர்த்து முயலுங்கள். லினக்ஸ், மேக், ராஸ்பெரி பை பெரும்பாலும் அந்தப் பெயருக்கே பதில் சொல்லும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் அவாஹி என்ற சேவை இரண்டாவதை மோயார்-2 என்று தானே மாற்றிக்கொள்ளும். யாரும் வைக்காத 2 பெயரில் தெரிந்தால் இரட்டைப் பெயர் எங்கோ இருக்கிறது. பழைய முகவரியே வந்துகொண்டிருந்தால், கேட்கும் விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் அடித்து அதன் நினைவைத் துடையுங்கள்.

தாளில் குறித்து வைத்த டிரைவுகளை இனி ஒவ்வொரு கணினியிலும் மாற்றுங்கள். இசட் டிரைவுக்கு:

நெட் யூஸ் இசட்: /டிலீட்

நெட் யூஸ் இசட்: \\மோயார்\கணக்கு /பர்சிஸ்டன்ட்:எஸ்

இசட் என்பது ஒரே எழுத்து, ஒட்டி முக்காற்புள்ளி. கடைசியில் வரும் எஸ், ஆம் என்பதற்கான முழு ஆங்கிலச் சொல். இவற்றை அட்மின் சாளரத்தில் அடிக்காதீர்கள். அங்கே மாட்டிய டிரைவ் சாதாரணச் சாளரத்தில் தெரியாமல் போகும், பிறகு 'மாட்டினேன், காணோம்' என்று தேடுவீர்கள். கடவுச்சொல் கேட்டால் மறுபடி கொடுங்கள். விண்டோஸ் சேமித்து வைத்தது பழைய பெயருக்கான கடவுச்சொல். புதுப் பெயர் அதற்கு அந்நியர். பிரின்டருக்கு பவர்ஷெல்லில்:

ஆட்-பிரின்டர் -கனெக்ஷன்நேம் \\மோயார்\சீட்டு

பழைய இணைப்பை ரிமூவ்-பிரின்டர் -நேம் என்று கொடுத்து, மேற்கோளுக்குள் கெட்-பிரின்டர் காட்டிய முழுப்பெயரை அப்படியே எழுதி நீக்குங்கள். நீக்காமல் விட்டால் அதுவே இயல்பு பிரின்டராக இருந்து, சீட்டுகள் எங்கும் போகாமல் வரிசையில் தேங்கும்.

பெயர் மாறியது லினக்ஸ் கோப்புப் பெட்டி என்றால் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. அதன் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள் சாம்பா. /இடிசி/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப் கோப்பில், குளோபல் பகுதியில், நெட்பயாஸ் அலையசஸ் = என்று எழுதிப் பழைய பெயரைக் கொடுங்கள். அதே பகுதியில் நெட்பயாஸ் நேம் என்று பழைய பெயரோடு ஏற்கெனவே ஒரு வரி இருந்தால் அதைப் புதுப் பெயராக்குங்கள். பிறகு:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எம்பிடி என்எம்பிடி

கடைசி இரண்டும் டாக்டர் டியில் முடியும். இனி பெட்டி இரண்டு பெயருக்கும் பதில் சொல்லும். மற்றக் கணினிகளை ஒரே நாளில் மாற்ற முடியாவிட்டாலும் வேலை நிற்காது. எல்லாம் மாறிய பின் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய பெயர் சாகவே சாகாது.

லினக்ஸ் மேசைக் கணினியில் எதிர்பாராத ஒன்று: பெயர் மாற்றிய பிறகு கூகுள் குரோம் திறக்க மறுத்து, இந்தப் புரொஃபைலை வேறொரு கணினி பயன்படுத்துகிறது என்று சொல்லலாம். அந்த 'வேறொரு கணினி' உங்கள் பழைய பெயர்தான். குரோம் தன் பூட்டுக் கோப்பில் கணினியின் பெயரை எழுதி வைக்கிறது. சரியாக மூடாமல் பெயர் மாறினால் பூட்டு அப்படியே கிடக்கும். குரோம் எங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு:

ஆர்எம் ~/.கான்ஃபிக்/கூகுள்-குரோம்/சிங்கிள்டன்லாக்

சிங்கிள்டனின் எஸ், லாக்கின் எல் இரண்டும் பெரிய எழுத்து. திரையில் வேறு சில மென்பொருள்களும் திறக்க மறுத்தால் லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள், சரியாகிவிடும்.

ஒரே வட்டின் நகலைப் பல கணினிகளில் போட்டிருந்தால், உதாரணமாகப் பள்ளிக் கணினி அறையில், பெயரை மாற்றினால் மட்டும் போதாது. லினக்ஸில் /இடிசி/மெஷின்-ஐடி கோப்பும் நகலாகியிருக்கும். உபுண்டு சர்வர் போன்றவை அதை வைத்தே ரௌட்டரிடம் முகவரி கேட்பதால், வெவ்வேறு பெயர் இருந்தும் இரண்டுக்கும் ஒரே முகவரி வந்து சண்டை நடக்கும். விண்டோஸில் நகல் எடுக்கும் முன்பே, நகலுக்குத் தயார்செய்யும் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டியிருக்க வேண்டும்.

ரௌட்டரின் பட்டியலில் பழைய பெயர் இன்னும் சில மணி நேரம் தெரியலாம். ரௌட்டர் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் முகவரியின் குத்தகையைப் புதுப்பிக்கும்போதுதான் கணினி தன் பெயரை மறுபடி சொல்கிறது. பொறுக்க முடியாவிட்டால் விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் /ரின்யூ. லினக்ஸில் வைஃபையை அணைத்துப் போட்டாலே போதும். யாராவது கையால் ரௌட்டரில் எழுதி வைத்த பெயர் என்றால் அது தானாக மாறாது. உள்ளே போய் நீங்கள்தான் திருத்த வேண்டும்.